தம்பிக்குத் தண்ணீர், எனக்குப் பருப்பு

நாலு வருஷமாக இதை எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன். அப்புறம் கரண்ட் கட்டைப் பற்றியோ, சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் சில்லறை கொடுக்காத கண்டக்டரைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் படித்துச் சிரித்துவிட்டுப் போவீர்கள். அடுத்தவனைக் கிண்டல் பண்ணி எழுதுவது சுலபம். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்கே அது தெரியும். தன்னைத் தானே எழுத வேண்டும் என்றால்தான்... கை வரமாட்டேன் என்கிறது.

போன சனிக்கிழமை வரவழைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் பூஜை முடிந்து, பொங்கலுக்கு வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் எங்கள் பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா தட்டுகிறவர். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம் என்னைக் காட்டிச் சொல்கிறார் —

"இன்னாம்மா, இவரத் தெரியாதா உனுக்கு? இவுரு தம்பி ஐசியூல மிசின்ல கெடந்தான். டாக்டருங்கோ கைய விரிச்சிட்டாங்கோ. இவுரு இன்னா பண்ணாரு? ஒரு முட்டை கூட தம்பி வவுத்துக்குள்ள போவக்கூடாதுன்னு பெருமாள் கிட்ட வேண்டிக்கினாரு. அந்த வேண்டுதல்தான் அவனைத் திருப்பி இட்டாந்துச்சு!"

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கருட சேவையில் கூட யாரும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"நைனா, எங்க வூட்டுக்காரரும் ஐசியூல கீறாரு. வண்டில வுழுந்துட்டாரு. முட்டை குடுக்கணும்னு சொல்றாங்கோ. நானும் கவுச்சி வேணாம்னு வேண்டிக்கினேன். நல்லதுதானே செஞ்சேன்?"

வரிசையில் எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். "நல்லது தாயே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் — எனக்கு மரியாதை, ஜால்ராக்காரருக்குச் சந்தோஷம். ஐசியூவில் கிடக்கிற அந்த மனுஷனுக்கு?

பெருமாள் சந்நிதி முன்னால் நின்றுகொண்டு இன்னும் எத்தனை நாள் புளுகுவது? நடந்ததை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். ஜால்ராக்காரர் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மாள் வரிசையை விட்டு நகர்ந்து, போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டார். "ஏம்மே, அந்த டாக்டரு இன்னா எழுதிக் குடுத்தாரோ, அப்டியே குடும்மே. நான் சொன்னத வுட்டுடு" என்றார். பொங்கல் வாங்காமலே போய்விட்டார்.

ஐந்து நிமிஷத்தில் அவருக்குச் சொன்னதை உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஏழுமலை என் தம்பி. ஆறு வயது சின்னவன். டிராக்டர் ஓட்டுகிறவன். நெல் மூட்டையை ஒரே மூச்சில் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற உடம்பு. ஞாயிற்றுக்கிழமை கோழி, புதன்கிழமை ஏரி மீன் — இது இல்லாவிட்டால் வீட்டில் கால் வைக்க மாட்டான். நான் நேர் எதிர். கவுச்சியை விட்டு இருபது வருஷம் ஆகிறது. நெற்றியில் நாமம் இல்லாமல் காலை நாஷ்டா கூடச் சாப்பிடுவதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் என்றாலும் பக்தியில் மட்டும் டிகிரி வாங்கியவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அவனுக்கு மூன்று நாள் ஜுரம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். நாலாம் நாள் மூச்சு வாங்கியது. காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி — பேர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை — அங்கே கொண்டு போனோம். நுரையீரல் முழுக்கக் கிருமி. வாயில் குழாய் போட்டு மிசினில் வைத்துவிட்டார்கள். மூக்கு வழியாக இன்னொரு மெல்லிய குழாய். அது வயிற்றுக்கு. இனி சாப்பாடு அந்த வழியில்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பெருமாளிடம் பேசினேன். "என் தம்பியைக் கொடுத்துடு. அவன் மலை ஏறி வந்து மொட்டை போடுகிற வரைக்கும் அவன் வாயில் கவுச்சி படாது."

கவனித்தீர்களா? அவன் வாயில்.

எனக்கும் ஒரு வாய் இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு எட்டு தடவை வெற்றிலை பாக்கு போகிறது. அதை விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? மனசு வரவில்லை. அவன் உசிராக நினைக்கிறதைக் கொடுத்தால்தானே சாமி மசிவார் என்று ஒரு கணக்கு. மயக்க ஊசியில் கிடக்கிறவனிடம் கேட்கவா முடியும்? அண்ணன் என்கிற முறையில் நானே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டயட்டீஷியன் மேடம் கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண். நோயாளிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று முடிவு பண்ணுகிறவர். கட்டம் போட்ட ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பாலில் மிக்ஸியில் அடித்து. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கஞ்சியோடு நைஸாக அரைத்து. எத்தனை மணிக்கு எது, எவ்வளவு — எல்லாம் இருந்தது.

"ஐயா, இது பத்தியச் சாப்பாடு இல்ல. ஊசி மருந்துக்கு டோஸ் இருக்கிற மாதிரி இதுக்கும் டோஸ் இருக்கு. புரோட்டீன் குறையவே கூடாது. முட்டை ஆகாதுன்னா இப்பவே சொல்லுங்க, வேற வழி பண்ணலாம். சாப்பிடுவார்ல?"

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அந்தப் பெண் கதவைத் திறந்துதான் வைத்தார். நான்தான் உள்ளே போகவில்லை.

ஐசியூ ஹாலில் எப்போதும் ஒருத்தர் இருக்க வேண்டும். அது தம்பி பெண்டாட்டி கஸ்தூரி. கூரத்துப் பெண். என்னை "மாமா, நீங்க" என்றல்லாமல் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. எதிர்ச் சந்தில் ஒரு ரூம் எடுத்துச் சமைத்துக் கொண்டுவருவது என் வேலை. கோயிலில் நூறு பேருக்குப் பொங்கல் வைக்கிற கை இது. ஒரு கஞ்சி வைக்கத் தெரியாதா?

முதல் நாள் கொண்டுபோன பருப்புக் கஞ்சி கட்டியாக இருந்து குழாய் அடைத்துக்கொண்டது. "நல்லா அரைச்சு, டீ வடிகட்டில ஒரு தடவை வடிச்சுக் கொண்டாங்கய்யா" என்று சிஸ்டர் கடிந்துகொண்டார்.

டீ வடிகட்டியா? ராமநவமிக்குப் பானகம் வடிக்கிறவன் நான். வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து, பாத்திரத்தின் வாயில் கட்டி, வெல்லத் தண்ணீரை ஊற்றினால் ஒரு தூசு கீழே இறங்காது. அதே மாதிரி புது வேட்டியைக் கிழித்தேன். நாலாக மடித்தேன். பருப்புக் கஞ்சியை ஊற்றினேன். கண்ணாடி மாதிரி இறங்கியது! சிஸ்டர் பார்த்து, "இப்போ அடைக்காது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பானகத்தில் துணியில் நிற்பது கசடு. பருப்புக் கஞ்சியில் துணியில் நிற்பது பருப்பு. இந்த வித்தியாசம் எனக்குப் புரியப் பதினோரு நாள் ஆனது.

துணியில் நின்ற பருப்பை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் பாவம் இல்லையா? சுடுசோற்றில் போட்டு, இரண்டு ஸ்பூன் நெய் விட்டு...

முட்டை? கஸ்தூரி தட்டுத் தட்டாக வாங்கி அனுப்பினாள். வேகவைப்பேன். உரிப்பேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு, ரூம் ஓனரின் நாய்க்குப் போட்டுவிடுவேன். தம்பிக்கு வெறும் பால் போகும்.

ஆக, ஏழுமலை பேரைச் சொல்லிச் சமைத்த சாப்பாட்டில் முட்டை நாய்க்கு. பருப்பு எனக்கு. தண்ணீர் தம்பிக்கு. வாங்கின ஆரஞ்சுப் பழமெல்லாம் பார்க்க வந்தவர்களுக்கு. மூக்கில் குழாய் போட்டவனைப் பார்க்க ஆரஞ்சு வாங்கி வராத சொந்தக்காரன் உண்டா? அவர்களே வாங்கி வந்து, அவர்களே ஹாலில் உட்கார்ந்து உரித்துத் தின்றுவிட்டு, "சீக்கிரம் எழுந்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து நாளில் அந்த நாய் பளபளவென்று ஆகிவிட்டது. என் சட்டை வயிற்றுப் பக்கம் இறுக்கியது.

ஏழுமலை மட்டும் இளைத்துக்கொண்டே போனான்.

எட்டாம் நாள் கிருமி குறைந்துவிட்டது. மயக்க ஊசியையும் குறைத்தார்கள். கண் திறந்து பார்த்தான். "இனி மிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, தானா மூச்சு விட வைக்கணும்" என்றார் டாக்டர். வைத்தார்கள். அரை மணி நேரம் இழுத்தான். அப்புறம் வியர்த்து, கண் சொருகி... மறுபடியும் மிசின். ஒன்பதாம் நாளும் அப்படியே. பத்தாம் நாள் பத்து நிமிஷம் கூடத் தாங்கவில்லை.

டாக்டருக்குப் புரியவில்லை. "சாப்பாடு சார்ட்ல கரெக்ட்டா போகுது. ஏன் இவ்வளவு வீக்கா இருக்காரு?" என்று சிறுநீரகத்துக்கு ஒரு டெஸ்ட், ஈரலுக்கு ஒரு டெஸ்ட், தைராய்டுக்கு ஒரு டெஸ்ட். அந்த சார்ட்டில் இருந்தது என்ன? நான் கொடுத்த டம்ளரின் அளவு. சிஸ்டர் குழாயில் ஊற்றினார், எழுதினார். டம்ளருக்குள்ளே இருந்தது பானகம் போல வடித்த தண்ணீர் என்று எந்த டெஸ்டில் தெரியும்?

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேனா? பெருமாளுக்குக் கொடுத்த வாக்கு, வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்கு நானே சமாதானம்.

பதினோராம் நாள் மத்தியானம் டயட்டீஷியன் மேடம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப் போனார். போர்வையை விலக்கினார். தம்பியின் தொடையைப் பார்த்தேன்... டிராக்டர் பெடலை மிதித்த கால் அது. வேட்டி காயப்போடுகிற மூங்கில் மாதிரி இருந்தது.

"முட்டை எத்தனை போகுது ஐயா?"

"எழுதிக் குடுத்தது... அப்டியே மேடம்."

"அப்போ ஏன்னு எனக்குத் தெரியல" என்றார். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "பெரிய நோவு வந்தா உடம்புக்குப் புரோட்டீன் ரொம்பத் தேவை. வெளியிலேர்ந்து வரலன்னா உடம்பு சும்மா இருக்காது. தன்னோட சதையையே எடுத்துச் சாப்பிடும். கை, கால், அப்புறம் மூச்சு இழுக்கிற தசை. இவரு மூச்சு விட முடியாததுக்கு இப்போ நுரையீரல் காரணம் இல்லங்க. இழுக்கத் தெம்பு இல்ல. இப்படியே போனா தொண்டையில ஓட்டை போடணும். அதுக்கப்புறமும் மிசின விட்டு வருவாரான்னு..." முடிக்காமல் கஸ்தூரியைப் பார்த்தார்.

தம்பி வாயில் கவுச்சி படாது என்று வேண்டிக்கொண்டவன் நான். பதினோரு நாளாக அவன் தன் கறியையே தின்றுகொண்டிருந்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அங்கேயே காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றா? இல்லை. ரூமுக்கு வந்தேன். பசி எடுத்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். துணியிலிருந்து வழித்த பருப்பு, சோறு, நெய்.

அழுக்குத் துணியை எடுத்துப்போகக் கஸ்தூரி வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவள் கால் சத்தம் கேட்டதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. முட்டை வேளை.

தட்டைப் பார்த்தாள். பிழிந்து வைத்த துணியைப் பார்த்தாள். வாசற்படி ஓரத்தில் நாய் கடித்துப்போட்ட மஞ்சள் கருவைப் பார்த்தாள்.

"இன்னா மாமா இது?"

"இல்லம்மா... வடிச்சது... வீணாப் போவுமேன்னு..."

"அவருக்கு இன்னா குடுத்த?"

'நீங்க' போய்விட்டது.

"கேக்கறேன்ல... என் புருசனுக்கு இன்னா குடுத்த? இந்தத் துணில கீறது இங்க கீது. அவருக்கு எது போச்சு? நாய் துன்ற முட்டை யாரு முட்டை?"

வேண்டுதலைச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை. என் எதிரே இருந்த தட்டை எடுத்தாள். முகத்தில் வீசப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வீசவில்லை.

"எழுந்துரு. இதோட வா. அந்தத் துணியையும் எடு. அந்த மேடம் பேஜாராகிக் கீது, டாக்டரு டெஸ்ட் டெஸ்ட்டா எழுதிக்கினு கீறாரு. நீயே வந்து சொல்லு."

எச்சில் தட்டோடு ரோட்டைக் கடந்தோம். நெற்றியில் நாமம், கையில் பருப்புத் துணி. கல்யாண ஊர்வலத்தில் கூட என்னை அத்தனை பேர் திரும்பிப் பார்த்ததில்லை.

டயட்டீஷியன் மேடம் துணியை விரித்தார். ஒட்டியிருந்த பருப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஐயா, இதுதான் மருந்து. நீங்க குடுத்தது மருந்தைக் கழுவின தண்ணி."

"மேடம்... பெருமாளுக்கு வேண்டுதல்..."

அவர் நெற்றியிலும், என் நாமத்தின் நடுக்கோடு மாதிரி, ஒரு கீற்று சிவப்பு ஸ்ரீசூர்ணம் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்.

"இங்க ஒரு சின்ன ஊசி போடணும்னாலும் உங்க கிட்ட கையெழுத்து வாங்கறோம். இவரு வாயைக் கட்டினீங்களே — அதுக்கு யாரு கையெழுத்து போட்டாங்க? பெருமாள் கேட்டாரா? உங்க தம்பி கேட்டாரா?"

இருபது வருஷமாக எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அதே வாசலில் நின்று, கொடுத்ததைத் திரும்பக் கேட்டேன். "அவன் வாயை விட்டுடு சாமி. என்னோடதை எடுத்துக்கோ." வெற்றிலைப் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இன்று வரை தொடவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

அதற்கப்புறம் சமையல் கஸ்தூரி கைக்குப் போனது. நான் ஹாலில். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவில்லை. பட்டினி கிடந்த உடம்பு, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். டாக்டர் ஒரு புரோட்டீன் பவுடரும் எழுதினார். கை கால் அசைக்க ஒரு பிசியோ தம்பி வந்தார். தொண்டையில் ஓட்டை போட வேண்டித்தான் வந்தது; தப்பவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் தானாக மூச்சு இழுத்தான். ஒரு ராத்திரி முழுக்க இழுத்தான். மறுநாளும். மிசினை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

முட்டைதான் காப்பாற்றியது என்று நான் எழுத மாட்டேன். மருந்து, மிசின், சிஸ்டர்கள், கஸ்தூரி, எல்லாவற்றுக்கும் மேலே பெருமாள். ஏழுமலைக்கு எழுதின கணக்கை உங்கள் வீட்டு நோயாளிக்குப் போடவும் வேண்டாம். சிறுநீரகம் கெட்டவருக்கு வேறு அளவாம்; ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு அளவாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள், டயட்டீஷியனைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் செய்யுங்கள். செய்யாவிட்டால், செய்யவில்லை என்றாவது சொல்லித் தொலையுங்கள்! முட்டை வேண்டாம் என்றால் அதற்குப் பதில் வேறு இருக்கிறதாம். பொய்க்குப் பதில்தான் ஒன்றும் இல்லை.

இன்று ஏழுமலை நடக்கிறான். ஆனால் அந்தப் பழைய உடம்பு வரவில்லை. டிராக்டரை வாடகை ஆள் ஓட்டுகிறார். மூட்டை தூக்குகிறவர்களை வரப்பில் உட்கார்ந்து பார்க்கிறான். நுரையீரல் எடுத்துக்கொண்டது எவ்வளவு, என் துணி வடித்தது எவ்வளவு என்று நான் டாக்டரைக் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஊரில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. டாக்டர்கள் கைவிரித்தார்கள், அண்ணன் வேண்டினான், தம்பி எழுந்தான். கஸ்தூரி மறுத்துப் பேசவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினாள். நானும் நாலு வருஷம் அந்த மரியாதையில் முதல் தீர்த்தம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு எத்தனை வீட்டில் எத்தனை முட்டை நாய்க்குப் போனதோ... பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றைக் கூட மாற்றாதீர்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். சிஸ்டர் கவனிக்கவில்லை என்று சேர்க்க வேண்டாம். படிப்பறிவு இல்லாதவன், பாவம், தெரியாமல் செய்தான் என்றும் வேண்டாம் — காகிதத்தில் தமிழில்தான் எழுதியிருந்தது.

தொண்டை ஓட்டை மூடி, ஏழுமலைக்குக் குரல் வந்த அன்று எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் காற்றும் சத்தமுமாகக் கேட்டான்.

"அண்ணே... அந்தப் பருப்பு... நல்லாவாச்சும் இருந்துச்சா?"

நன்றாகத்தான் இருந்தது. அதையும் விடாமல் சொல்லுங்கள்.